லிங்க் ரோட்டில் வழி சொல்பவர்

வழிசொல்லி என்று ஒரு பிராணி உண்டு. காட்டில் இருக்காது, காட்டில் வழி கேட்க யார் போகிறார்கள்? முச்சந்தி, பஸ் ஸ்டாப், டீக்கடை வாசல், ஜெராக்ஸ் கடைப் படி, இவைதான் அதன் இருப்பிடம். இரண்டு கால், இரண்டு கை, எல்லாம் நம்மைப் போலத்தான். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அவசரபுத்தி உள்ளது.

வழி தெரிந்து வழி சொல்பவரை நான் சொல்லவில்லை. அவர் சாதாரண மனிதர், அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்வது வழி தெரியாமலே வழி சொல்பவரை. தமிழில் உள்ள எல்லா வார்த்தையும் அவர் வாயில் வரும். கட்டின மனைவியிடம் "தப்பு என் மேலதான்" என்பதுகூட ஒரு நல்ல நாளில் வந்துவிடும். "தெரியாது" என்கிற ஒரு வார்த்தை மட்டும் வராது. அது தொண்டைவரை வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்து, "நேரா போங்க" என்று உருமாறி வெளியே வரும்.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நான் குடியிருக்கிற லிங்க் ரோட்டுக்கு வாருங்கள். யாரிடமும் வழி கேட்டுக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

ஒரகடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, சிப்காட் தொழிற்பேட்டையின் முதுகில் போய் முட்டி நிற்கிற ரோடு அது. ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். வளைவு கிடையாது. மேடு பள்ளம் என்று பார்த்தால் பள்ளம் மட்டும் உண்டு. அரசாங்கம் அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது, பஞ்சாயத்து காலமான தலைவர் ஒருவரின் பெயரைக் கொடுத்திருக்கிறது, மனை விற்பவர்கள் நோட்டீஸில் "நூறடி மெயின் ரோடு" என்று போடுகிறார்கள், பஞ்சர் ஒட்டுகிறவர் வேறு ஒன்று சொல்கிறார், அதை இங்கே எழுத முடியாது. இரண்டாயிரம் பிறக்கும்வரைக்கும் இரண்டு பக்கமும் நெல் வயல். நான் சொல்கிற கதை நடந்த 2011-இல் பார்த்தால் லேடீஸ் ஹாஸ்டல், ஜென்ட்ஸ் மேன்ஷன், மெஸ், மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்காக மெடிக்கல் ஷாப், மாதா கோயில், ஒரு கல்யாண மண்டபம், கலர் கல் நட்ட மனைகள், அந்த மனைகளில் மேய்கிற மாடுகள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள் வந்து ஒரு கூட்டத்தைக் கொட்டிவிட்டு இன்னொரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும். தென்காசியும் சங்கரன்கோயிலும் கோவில்பட்டியும் பாதிக்கு மேல் இங்கேதான் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தன.

கம்பெனிப் பெயர்கள் எல்லாம் ஜப்பானிலோ ஜெர்மனியிலோ கொரியாவிலோ வைத்தவை. நம் நாக்குக்குச் சரிப்படாது. அதனால் எங்கள் ரோட்டில் கம்பெனியைச் சட்டை நிறத்தால்தான் சொல்வோம். மஞ்சச் சட்டை, சாம்பல் கோட்டு, வானநீலம். மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள்கூட, பையன் எந்தச் சட்டை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சரி, இப்படி நேராகக் கிடக்கிற ரோட்டில் ஒருவர் வழி தவற முடியுமா? இந்தப் பக்கம் போனால் நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் போனால் தொழிற்பேட்டை. தவறுவதற்கு மூன்றாவது பக்கம் ஒன்று வேண்டுமே? அந்த மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடித்தவர் மைக்கேல்ராஜ்.

மைக்கேல்ராஜுக்கு ரோட்டின் நெடுஞ்சாலை முனையில் ஜெராக்ஸ் கடை. அவருடைய கடை என்று பலகையில் போட்டிருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பிடிப்பது, செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவது, பேப்பர் சிக்கினால் மிஷினின் வயிற்றைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் மனைவி கிரேசி. மைக்கேல்ராஜின் வேலை படியில் நிற்பது. ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில், வேட்டி நுனி ஒரு கையில். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் யார் முகத்தில் குழப்பம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பையும் கையுமாக இறங்கி, இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறவர் யாராவது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்கு விடிந்த மாதிரி. அவர் கேட்கட்டும் என்றுகூடக் காத்திருக்க மாட்டார்.

"இன்னாபா, எங்க போணும்?"

"இங்கன மாடத்தி லேடீஸ் ஹாஸ்டல்னு..."

"அங்க யாரு கீறாங்க?"

"தங்கச்சி இருக்கா."

"கூடப் பொறந்ததா?"

"சித்தி மக."

"கல்யாணம் ஆயிடுச்சா அதுக்கு?"

"இல்ல அண்ணாச்சி."

"இன்னும் ஆவலியா." இங்கே கொஞ்சம் வருத்தம். பிறகு விரல் எழும். "நேரா போ. முன்ன ரைஸ் மில்லு ஒண்ணு இருந்திச்சே, அங்க திரும்பிக்க."

காலையில்தான் விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து இறங்கிய பையன். அவன் அரை டிக்கெட்டில் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே இடித்துத் தள்ளிய ரைஸ் மில் அவனுக்கு எப்படித் தெரியும்? மைக்கேல்ராஜுக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் சொல்கிற லிங்க் ரோட்டில் இருப்பதெல்லாம் இல்லாதவைதான். வெட்டிய புளியமரம், தூர்த்த குட்டை, காலி செய்துகொண்டு போன செக்போஸ்ட், செத்துப்போன நாட்டு வைத்தியர் வீடு. கண்ணுக்கு எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப்பை அடையாளமாகச் சொல்லலாமே என்றால், அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே, அதைச் சொல்ல அவர் எதற்கு?

தூரத்துக்கும் அவரிடம் தனி அளவு உண்டு. "பக்கத்துலதான்" என்றால் ரோட்டின் மறுமுனை. "கொஞ்சம் தள்ளி" என்றால் பஸ் ஏறிப் போக வேண்டிய சுங்குவார்சத்திரம் வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். வாய் லெஃப்ட் என்று சொல்லும்போது கை ரைட்டில் போகும். எதை நம்புவது என்பது கேட்டவர் பாடு. போனவர் சுற்றிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து சண்டைக்கு நின்றால் மைக்கேல்ராஜ் கோபப்படவே மாட்டார். "நான் சொன்னது கரெக்டு. நீ போனதுதான் தப்பு," என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆனால் அப்படித் திரும்பி வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. இந்த இனம் செழித்து வளர்வதற்கு அதுதான் காரணம். சமையல்காரர் உப்பை அதிகம் போட்டால் பந்தியிலேயே தெரிந்துவிடும். தையல்காரர் கையைச் சின்னதாகத் தைத்துவிட்டால் சட்டை அவர் கண் முன்னாலேயே மாட்டிக்கொள்ளும். வழிசொல்லியின் தப்பு மட்டும் நன்றி சொல்லிவிட்டு, கால் முளைத்து, கண்காணாத தூரத்துக்கு நடந்து போய்விடுகிறது. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பாண்டிச்செல்வி வந்து இறங்கிய நாள்வரைக்கும் மைக்கேல்ராஜும் நிம்மதியாகத்தான் தூங்கினார்.

பாண்டிச்செல்வி சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு நூல் மில்லில் பஞ்சைத் தின்று இருமிக்கொண்டிருந்தவளை, வானநீலச் சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிற தோழி பேச்சி போனில் கூப்பிட்டாள். "ஏட்டி, எங்க கம்பெனியில ஆள் எடுக்காக. புதன்கிழமைதான் கடைசி. பத்து மணிக்குள்ள வந்து டோக்கன் வாங்கிரு, பெறவு கேட்டப் பூட்டிருவாக." ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னால் அண்ணன்காரன் விடமாட்டான். அதனால் பாண்டிச்செல்வி என்ன செய்தாள் தெரியுமா? "வேலை கெடச்சிட்டு" என்று சொல்லிவிட்டாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள், அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள், பொங்கலை வீடு வீடாகக் கொடுத்துவிட்டும் வந்தாள். மில்லில் கணக்கு முடித்தாகிவிட்டது. அவள் நின்ற இடத்தில் வேறு பெண் நிற்கிறாள். டோக்கன் இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் வேலையும் கிடையாது, தெருவில் தலைகாட்டவும் முடியாது.

புதன்கிழமை காலையில் லிங்க் ரோடு முனையில் இறங்கியதும் பேச்சிக்குப் போன் போட்டாள். பேச்சி காலை ஷிப்ட். மிஷின் லைனில் நிற்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். போன் லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. பாண்டிச்செல்வி இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னாமா, எங்க போணும்?"

பாண்டிச்செல்வி பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த கம்பெனிப் பெயரைத் தப்பில்லாமல் சொன்னாள். மைக்கேல்ராஜ் அப்படி ஒரு பெயரை வாழ்நாளில் கேட்டதில்லை.

"ஓ, அதுவா. அங்க இன்னா சமாச்சாரம்?"

"ஆள் எடுக்காகளாம் அண்ணாச்சி. பத்து மணிக்குள்ள டோக்கன் வாங்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாளு."

கடைக்குள் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் கிரேசிக்கு ஒரு வார்த்தை காதில் விழுந்தது. "ஏங்க, டோக்கனா? அது வந்து..."

"நீ உன் மிஷினப் பாரு. ரோட்டு சமாச்சாரம் நான் பாத்துக்கறேன்," என்றார் மைக்கேல்ராஜ். பிறகு பாண்டிச்செல்வி பக்கம் திரும்பி, "சட்டை இன்னா கலருமா?" என்றார்.

"வானநீலம்."

கேட்கவா வேண்டும்? அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் வானநீலச் சட்டைகள் ஒரு கும்பலாக நடந்துவந்து, ஓரமாக நின்ற வெள்ளை பஸ்ஸைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மைக்கேல்ராஜின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"அதோ போறாங்க பாரு, அவங்க பின்னாலயே போ. அவங்க ஏறுற வண்டில நீயும் ஏறு. கேட்டாண்டயே எறக்கி வுட்டுடும்."

"ரொம்ப நன்றி அண்ணாச்சி." அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். காலை ஷிப்ட் எப்போதோ உள்ளே போய் லைனில் நின்றாகிவிட்டது. வெயில் ஏறின பிறகு கம்பெனிச் சட்டையோடு ரோட்டில் நடக்கிறவர்கள் ராத்திரி ஷிப்டும் பார்த்து, அதன் மேல் ஓ.டி.யும் பார்த்து, வீட்டுக்குத் தூங்கப் போகிறவர்கள். எந்தக் கம்பெனி என்று சட்டை சொல்லும். வேலைக்குப் போகிறார்களா, வேலை முடிந்து போகிறார்களா என்று சட்டை சொல்லாது. அதற்கு முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறிய பாண்டிச்செல்வி பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். முன் சீட்டும் பின் சீட்டும் அப்படித்தான். பாவம், வேலை அவ்வளவு கடினம் போலிருக்கிறது, போகும்போதே தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவளும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மிஷினை நிறுத்திவிட்டு கிரேசி வெளியே வந்தாள். "டோக்கன் கேட்ட பொண்ணு எங்க?"

"அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்பின?"

"நீலச் சட்டைங்க போனாங்க. அவங்களோட பஸ்ல ஏத்தி வுட்டேன்."

கிரேசி அவரையே பார்த்தாள். "யோவ், அது நைட் ஷிப்டுயா. வூட்டுக்குத் தூங்கப் போதுங்க. அந்த பஸ்ஸு வாலாஜாபாத் போவுது."

வழிசொல்லிகளின் சரித்திரத்தில் நடக்காதது அன்றைக்கு நடந்துவிட்டது. தான் அனுப்பிவைத்த ஆள் என்ன கதி ஆனார் என்று ஒரு வழிசொல்லிக்கு உடனுக்குடனே தெரிந்துவிட்டது. மைக்கேல்ராஜின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் கெட்டவர் இல்லை ஐயா. இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவனாக இருந்தால் "தெரியாது, போய்யா" என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்த்திருப்பான், கேட்டவர்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"இன்னொண்ணு கேளு, செலக்‌ஷன் வந்து..." என்று கிரேசி ஆரம்பித்தாள். அதற்குள் அவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருடைய போன் கடையில் சார்ஜில் கிடந்தது. கிரேசி கூப்பிட்டாள்; அது அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே அடித்தது.

கண்டெய்னர் லாரிகளை நானும் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்று நன்மை செய்தது. வல்லக்கோட்டைப் பிரிவுக்குப் பக்கத்தில் யு-டர்ன் போடப் பார்த்து, முடியாமல், ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. வரிசையில் வெள்ளை பஸ்ஸும் நின்றது. மைக்கேல்ராஜ் வண்டிகளுக்கு இடையில் நுழைந்து போய் பஸ் ஜன்னலைத் தட்டினார்.

"எறங்குமா. இது தப்பான வண்டி."

"நீங்கதான அண்ணாச்சி ஏறச் சொன்னிய?"

"அது வேற விசயம். எறங்கு."

பாண்டிச்செல்வியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினார். வெயிலும் ஏறியது, மணியும் ஏறியது. லிங்க் ரோட்டில் நுழையும்போது கடைப் படியில் நின்றுகொண்டு கிரேசி இரண்டு கையையும் ஆட்டினாள். ரீசார்ஜ் கார்டு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்து மைக்கேல்ராஜ், "வரேன், வரேன்" என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு நேராகப் போனார். நேராகப் போவதுதான் அவருக்குத் தெரியுமே.

தொழிற்பேட்டை முனைக்கு வந்தாகிவிட்டது. உள்ளே எங்கே பார்த்தாலும் மதில், மதிலுக்கு நடுவே கேட், கேட்டுக்கு மேலே இங்கிலீஷில் பெயர். அவர் ஒவ்வொரு பலகையாக எழுத்துக்கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, யார்ட்டயாச்சும் கேப்பமா?"

"எதுக்குமா? நான் பொறந்து வளந்த ரோடு இது."

இன்னும் நாலு கேட் போயிற்று.

"அண்ணாச்சி, மணி ஆவுது. ஒரு வார்த்த கேட்டுருவம்."

மைக்கேல்ராஜ் வண்டியை நிறுத்தினார். அவர் பட்ட பாட்டை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வழி கேட்க வருகிறவர்களைப் பார்த்தே காலத்தைக் கழித்த மனிதர், தன் ரோட்டில், தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரிடம் வழி கேட்க வேண்டும். யாரிடம் கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? அந்த முனையில் டீக்கடை வைத்திருக்கிற கோபாலிடம். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால். இனம் இனத்தைக் கண்டுகொண்டது.

"இன்னா மைக்கேலு, எங்க கிளம்பிட்ட?"

மைக்கேல்ராஜ் கம்பெனிப் பெயரைச் சொன்னார்.

"ஓ, அதுவா," என்றார் கோபால். "அங்க இன்னா சமாச்சாரம்? பொண்ணு யாரு, சொந்தமா? கல்யாணம் ஆயிடுச்சா?"

"யோவ், நேரமில்லயா. வழியச் சொல்லு."

கோபாலின் விரல் எழுந்தது. "நேரா போ. முன்ன போர்செட்டு ஒண்ணு இருந்திச்சே, அத்தாண்ட திரும்பிக்க. பக்கத்துலதான்."

சொல்லிச் சொல்லியே பழகின வாய்க்கு இதெல்லாம் கேட்கும்போது எப்படி இருக்கும்? இருந்தாலும் அவர் போனார். வேறு என்ன செய்வது? முன்பு போர்செட் இருந்த இடம் என்று அவர் நினைத்த இடத்தில் திரும்பினார். சிமெண்டு பைப் குவித்து வைத்த ஒரு யார்டு வந்தது. அதன் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ரோடு இல்லை.

பாண்டிச்செல்வி வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "எங்கம்மா பொங்க வச்சிட்டா அண்ணாச்சி," என்றாள் அழுதுகொண்டே. "வேலை கெடச்சிட்டுன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். தெருவெல்லாம் பொங்கச் சோறு குடுத்துட்டா. நான் எப்டி ஊருக்குப் போவேன்?"

மைக்கேல்ராஜ் வண்டியை ஸ்டாண்டில் போட்டார். தான் அனுப்பிய ஆட்களில் ஒருவர் நின்று அழுவதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். இதுவரைக்கும் அனுப்பியவர்கள் எத்தனை பேர், எந்த எந்த மதில் ஓரத்தில் நின்றார்களோ என்று அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியதாம், பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஏறுமா" என்று மட்டும் சொல்லி வண்டியைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது கிரேசி படியில் இல்லை. நடு ரோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

"வண்டிய நிறுத்துயா."

"கிரேசி, நேரமில்ல..."

"எங்கயா போற? செலக்‌ஷன் கம்பெனில இல்ல. கல்யாண மண்டபத்துல. திங்கக்கெழமலேர்ந்து வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் மார்க் ஷீட்டு ஜெராக்ஸ் போட்டுக்கினு கீறேன், நீ படிலதான நின்னுக்கினு இருந்த?"

மைக்கேல்ராஜ் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். படியில் நின்றவர் ரோட்டைப் பார்க்காமல் கழுத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் கையில் ஃபைலோடு பெண்கள் வரிசையில் நிற்பது தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் யாரும் அவரிடம் வழி கேட்கவில்லை. கேட்காதவர்களை அவர் பார்ப்பதில்லை.

மூன்று பேரும் ஓடினார்கள். மண்டபத்து கேட் சாத்தியிருந்தது. காக்கிச் சட்டை போட்ட காவலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் சுடலைக்கண்ணு.

"பத்து மணி ஆயிட்டு. பூட்டியாச்சு. இனிமே விட்டா சூப்பர்வைசர் என்னையல்லா ஏசுவாரு."

"ஊர்லேர்ந்து வந்திருக்கு சார் இந்தப் பொண்ணு," என்றாள் கிரேசி.

"எல்லாரும் ஊர்லேர்ந்துதாம்மா வாராக. நேரத்துக்கு வரணும்லா."

பாண்டிச்செல்வி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்கேல்ராஜ் முன்னால் வந்தார். தொண்டையைக் கனைத்தார். வேட்டியைச் சரிசெய்தார். மறுபடியும் கனைத்தார்.

"அது மேல தப்பு இல்ல சார்," என்றார். "காலைலயே வந்துடுச்சு. நான்தான் தப்பான பஸ்ல ஏத்தி வுட்டேன். எனக்கு... வழி தெரியாது."

கிரேசி மண்டபத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

சுடலைக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீங்க ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியா?"

"ஆமா."

"நான் மொத மொதல்ல வேல தேடி வந்த அன்னைக்கு, கம்பெனிக்கு வழி கேட்டா, என்னைய வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அனுப்பி வச்சது நீங்கதான?"

மைக்கேல்ராஜ் யோசித்தார். "இருக்கலாம்," என்றார்.

"அன்னதானத்துல சாம்பார் சாதம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் கம்பெனியில ஆள் எடுத்து முடிச்சிட்டாவ. பெறவு ஒரு மாசம் சும்மா கெடந்து, இந்தக் காக்கிச் சட்டதான் கெடச்சிது." அவன் பாண்டிச்செல்வியைப் பார்த்தான். "எந்த ஊரு தாயி?"

"சங்கரன்கோயில் பக்கம்."

சுடலைக்கண்ணு உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "பெரிய கேட்டத்தான் பூட்டச் சொன்னாரு. பின்னால சமையக்கட்டு வாசல் தொறந்துதான் கெடக்கு. நான் அதப் பாக்கல." பிறகு விரலை நீட்டி வழி காட்டினான். அன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்குச் சரியாகச் சொல்லப்பட்ட வழி அது ஒன்றுதான்.

டோக்கன் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அம்மா வைத்த பொங்கல் வீணாகவில்லை.

மைக்கேல்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அந்த வருஷத் தவக்காலம் பிறந்தபோது, மற்றவர்கள் கறி மீனை விடுவதுபோல அவர் வழி சொல்வதை விட்டார். யார் வந்து கேட்டாலும் "தெரியாதுங்க" என்றார். ரோடு பயந்துபோயிற்று. உடம்புக்கு முடியவில்லையோ என்று மெஸ்காரர் ரசம் கொடுத்தனுப்பினார். கேட்டவர்களும் விடவில்லை. "பரவால்ல அண்ணே, சும்மா தோணினதச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஈஸ்டர் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி எதையோ கேட்டார். மைக்கேல்ராஜின் விரல் உயிர்த்தெழுந்ததை மாதா கோயில் வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தோம்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் நான் அவரோடு படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற பெண்கள் வானநீலச் சட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் பாண்டிச்செல்வியும் இருந்தாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. துணிப்பையோடு ஒரு புதுப் பெண் இறங்கினாள். இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு பாண்டிச்செல்வியிடம் போனாள்.

"அக்கா, இங்கன முப்பிடாதி மெஸ்னு ஒண்ணு எங்க இருக்கு?"

அப்படி ஒரு மெஸ் எங்கள் ரோட்டில் கிடையாது. பாண்டிச்செல்விக்கும் தெரியாது, அவள் நெற்றியைச் சுருக்கியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இவளாவது சொல்வாள் என்று நினைத்தேன். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏற்றப்பட்டவள், சிமெண்டு பைப்புக்கு முன்னால் நின்று அழுதவள், இவள் வாயில் அந்த வார்த்தை வராமல் வேறு யார் வாயில் வரப்போகிறது?

"அங்க யாரு இருக்கா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"எங்க அத்த மக."

"அப்டியா." அவள் விரல் எழுந்தது. "நேரா போ. முன்னால ரைஸ் மில்லு ஒண்ணு இருந்துச்சாம்லா, அங்கன திரும்பிக்க."

மைக்கேல்ராஜ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். மகளுக்கு முதல் ரேங்க் வந்த அப்பாவின் முகம் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் அடுத்த தடவை யாராவது வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, உங்களிடம் ஓர் இடத்தைக் கேட்கும்போது உங்கள் வலது கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் கேட்டு முடிப்பதற்குள் அது தோள் உயரத்துக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருநாள் எங்கள் லிங்க் ரோட்டுக்கு வந்து மைக்கேல்ராஜைப் பார்த்துவிட்டுப் போங்கள், சந்தோஷப்படுவார். வருவதும் சுலபம். ஒரகடத்தில் இறங்கி நேராக வாருங்கள். முன்பு ஒரு புளியமரம் இருந்ததே, அங்கே திரும்பிக்கொள்ளுங்கள். பக்கத்தில்தான்.